பழைய சாமானில் ஸ்டெர்லிங் எஞ்சின்: மதுரை வெயிலில் எந்த வகை ஓடும்?

ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் உள்ளே அடைபட்ட காற்றாலேயே ஓடுவது ஸ்டெர்லிங் எஞ்சின். அதன் மாடலைச் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நெருப்பைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். ஸ்பிரிட் விளக்கு போதுமா, மெழுகுவர்த்தி வைக்கலாமா, கேஸ் அடுப்பு வேண்டுமா என்று. மதுரையில் அது இரண்டாவது கேள்வி. மறுமுனையை எப்படிக் குளிர வைக்கப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. இந்த எஞ்சினை ஓட்டுவது இரண்டு முனைக்கும் இடையே உள்ள வெப்ப வித்தியாசம். சித்திரை, வைகாசியில் இங்கே வெளிக்காற்றே 38, 40 டிகிரி. மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் மத்தியானத்தில் கையைச் சுடும். குளிர்நாட்டுக்காரர் போட்ட வீடியோவைப் பார்த்து அதே அளவில் செய்தது இங்கே முரண்டு பிடிப்பதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி உராய்வு.

ஒரு சின்னக் கணக்கு. சூட்டுமுனை 95 டிகிரி, குளிர்முனை 35 டிகிரி என்றால் எந்த எஞ்சினாலும் எட்டக்கூடிய உச்சத் திறன் 16 சதவீதம். சூட்டுமுனையை 30 டிகிரி ஏற்றி 125 ஆக்கினால் அது 22-க்குச் சற்று மேல் போகும். அதற்குப் பதிலாகக் குளிர்முனையை 30 டிகிரி இறக்கி 5 ஆக்கினால் 24-ஐத் தாண்டும். வீட்டில் செய்யும் மாடல் இதில் நூறில் ஒரு பங்கைத் தொட்டாலே பெரிது. ஆனால் எந்தப் பக்கம் மெனக்கெட வேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

வேலை செய்யும் விதம் எல்லா வகைக்கும் ஒன்றுதான். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டெர்லிங் 1816-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. உள்ளே அடைபட்ட காற்று வெளியே போவதே இல்லை. டிஸ்பிளேசர் என்கிற தளர்வான உருளை அந்தக் காற்றைச் சூட்டுமுனைக்கும் குளிர்முனைக்கும் மாற்றி மாற்றித் தள்ளும். சூடேறிய காற்று விரிந்து பவர் பிஸ்டனைத் தள்ளும், குளிர்ந்த காற்று சுருங்கி இழுக்கும். டிஸ்பிளேசர் பவர் பிஸ்டனுக்குக் கால் சுற்று, அதாவது 90 டிகிரி, முன்னால் போக வேண்டும். அவ்வளவுதான்.

அளவு போடுவதற்கு ஒரு சூத்திரம் உண்டு. வெந்நீரின் சூட்டிலேயே ஓடும் தட்டை எஞ்சினை 1983-இல் ஓட்டிக் காட்டிய ஜாக்ரெப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இவோ கோலினுடையது. 1100-ஐ வெப்ப வித்தியாசத்தால் வகுங்கள். டிஸ்பிளேசர் நகர்த்தும் காற்று, பவர் பிஸ்டன் நகர்த்தும் காற்றைப்போல் சுமார் அத்தனை மடங்கு இருக்க வேண்டும். வித்தியாசம் 250 டிகிரி என்றால் நாலரை மடங்கு. 50 டிகிரிதான் என்றால் 22 மடங்கு. பெரிய பிஸ்டன் வைத்தால் பலம் கூடும் என்று நினைத்துச் செய்கிற எஞ்சின்கள் பாதிச் சுற்றில் நின்றுவிடுவது இதனால்தான். உள்ளே இருக்கும் காற்றின் விரிவு அந்தப் பிஸ்டனை முழுத் தூரம் தள்ளப் போதாது.

வகையை முடிவு செய்யும் ஒரு பொருள்

வீட்டில் செய்யக்கூடியவை ஐந்து வகை: கோலிக்குண்டு எஞ்சின், டின்-பலூன் எஞ்சின், சோதனைக்குழாய் காமா, தட்டை எஞ்சின், ஆல்ஃபா. இவற்றில் எது உங்களுக்கு என்பதை ஒரே ஒரு பொருள்தான் பெரும்பாலும் முடிவு செய்யும். கண்ணாடி சிரிஞ்சு.

காற்றும் கசியாமல், உராய்வும் இல்லாமல் ஒரு பிஸ்டன் வேண்டுமென்றால் லேத் பட்டறையில் நுணுக்கமாகக் கடைந்து வாங்க வேண்டும், அல்லது கண்ணாடி சிரிஞ்சு வேண்டும். பிளாஸ்டிக் சிரிஞ்சு எதற்கும் ஆகாது. அதன் ரப்பர் முனை பிடிக்கிற பிடி, எஞ்சினின் மொத்தச் சக்தியையும் தின்றுவிடும். ஆய்வகப் பொருள் கடையிலோ சர்ஜிக்கல் கடையிலோ 5 மி.லி., 10 மி.லி. கண்ணாடி சிரிஞ்சு கேளுங்கள். உலர்ந்த நிலையில் செங்குத்தாகப் பிடித்தால் பிளஞ்சர் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். நுனியை விரலால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். இரண்டும் நடந்தால் மட்டும் காசு கொடுங்கள். குழாயிலும் பிளஞ்சரிலும் எண் பொறித்திருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜோடி மாறினால் ஒன்று சிக்கும், இல்லாவிட்டால் கசியும். மற்றதெல்லாம் பழையதாக இருக்கலாம். இதை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கழிவிலிருந்து வந்த சிரிஞ்சைக் கழுவிப் பயன்படுத்தும் எண்ணமே வேண்டாம்.

மற்ற சாமான்களுக்குத் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒரு நடை போதும். ஓடாத ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ், ஏரியல் உடைந்த ரேடியோ, கம்ப்யூட்டர் விசிறி, சைக்கிள் சக்கரம். ஹார்டு டிஸ்கின் உள்ளே 95 மி.மீ. விட்டமுள்ள தட்டு நல்ல பிளைவீல், அதாவது சுற்றை விடாமல் தொடர வைக்கும் சக்கரம். அதன் கை சுழலும் இடத்தில் இருக்கும் குட்டி பேரிங் தங்கம். சைக்கிள் போக்ஸ் கம்பி 2 மி.மீ. கனம். ரேடியோ ஏரியலின் பித்தளைக் குழாய்களில் ஏதாவது ஒன்றில் அது ஆடாமல் வழுக்கும். டிஸ்பிளேசர் ரோடும் அது கசியாமல் போய்வரும் வழியும் இப்படி ஒரே நடையில் கிடைத்துவிடும். ஆகவே ஏரியலை வாங்கும்போது ஒரு துண்டுக் கம்பி சட்டைப் பையில் இருக்கட்டும். பிஸ்டனின் போய்வரும் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்கைத் தண்டில் பிடிக்க எலக்ட்ரீசியன்கள் போடும் கனெக்டர் ஸ்டிரிப்பை உடைத்தால் உள்ளே திருகோடு கூடிய பித்தளைக் குழல் வரும். வெல்டிங் இல்லாமல், 90 டிகிரிக் கோணத்தைத் தளர்த்தி இறுக்கிச் சரிபார்க்க இதைவிட வசதியானது இல்லை.

கோலிக்குண்டு எஞ்சின்

கிராங்க் இல்லை, பிளைவீல் இல்லை, பேரிங் இல்லை. கிடையாக வைத்த ஒரு சோதனைக்குழாய், உள்ளே கோலிக்குண்டுகள், கீழே ஒரு சிரிஞ்சு. குழாய் ஏற்றப்பலகை மாதிரி ஆடும். முதல் எஞ்சின் எதுவென்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

20×150 மி.மீ. போரோசிலிகேட் (சூடு தாங்கும் கண்ணாடி) குழாய் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கோலி 16 மி.மீ. விட்டம். கடைக்குக் கையோடு கொண்டுபோய் உள்ளே போட்டு உருட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. சுற்றி ஒரு மில்லிமீட்டருக்குள் இடைவெளி இருக்க வேண்டும். 18 மி.மீ. குழாயில் கோலி நுழையாது. 25 மி.மீ. குழாயில் கோலி தாராளமாக உருளும், ஆனால் காற்று நகராமல் அதன் பக்கவாட்டிலேயே தப்பிவிடும். ஐந்து கோலி போட்டால் 80 மி.மீ. நிரம்பும். கார்க் போக 40 மி.மீ. அளவுக்கு அவை ஓட இடம் இருக்கட்டும். அடைபட்ட முனையில் விரல் நகம் அளவு இரும்புக் கம்பளியை முதலில் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் சூடான கண்ணாடியில் கோலி மோதி மோதி அடி விரிசல் விடும்.

ரப்பர் கார்க்கில் துளையிட்டு ஒரு ஏரியல் குழாய்த் துண்டு, அதிலிருந்து சிலிகான் டியூப், அதன் மறுமுனையில் 5 மி.லி. சிரிஞ்சு. சிரிஞ்சு கார்க் பக்கத்துக்குக் கீழே நின்று, பிளஞ்சர் அந்தப் பக்கத்தை மேலே தள்ளும்படி இருக்க வேண்டும். கோலிகள் கார்க் பக்கம் இருக்கும்போது காற்று சூட்டுமுனையில் விரியும். சிரிஞ்சு கார்க் பக்கத்தைத் தூக்கும். கோலிகள் சூட்டுமுனைக்கு உருளும். காற்று குளிர்ந்து சுருங்கி கார்க் பக்கத்தை இழுத்து இறக்கும். நடுவில் தாங்கும் அச்சை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் நகர்த்திச் சமன் பார்ப்பதில்தான் நேரம் போகும். கோலிகள் எந்தப் பக்கம் இருந்தாலும் விரலால் லேசாகத் தொட்டால் குழாய் சாய வேண்டும். ஒரு பக்கம் படுத்துக்கொண்டு எழவே இல்லையென்றால் அச்சு தப்பு. நெருப்பு குறைவு என்று விளக்கைப் பெரிதாக்காதீர்கள்.

குறை என்னவென்றால் இதனால் எதையும் சுழற்ற முடியாது. பார்க்க அழகு, விளக்கச் சுலபம், அதோடு சரி.

டின்னும் பலூனும்

இணையத்தில் அதிகம் காணப்படுவது இதுதான். குளிர்பான டின்னோ மில்க்மெய்ட் டின்னோ உடல், பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைச் சுருட்டி டிஸ்பிளேசர், பலூன் ரப்பரை இழுத்துக் கட்டிப் பவர் பிஸ்டன், போக்ஸ் கம்பியை வளைத்துக் கிராங்க். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சிரிஞ்சு கிடைக்காதவர்களுக்கு இதுதான் வழி.

66 மி.மீ. குளிர்பான டின்னில் டிஸ்பிளேசர் 25 மி.மீ. நகர்ந்தால் சுமார் 85 மி.லி. காற்று இடம் மாறும். வித்தியாசம் 150 டிகிரி என்று வைத்தால் பலூன் பக்கம் 11, 12 மி.லி. போதும். டிஸ்பிளேசர் நூலுக்குத் தூண்டில் நரம்பு போடுங்கள். மேல்தகட்டில் சிலிகான் பசைப் பொட்டு வைத்து, காய்ந்தபின் ஊசியால் குத்தி அதன் வழியே நரம்பை விட்டால் கசிவு மிகக் குறைவு. அந்த இடத்தில் எண்ணெய் விட்டால் அது மெல்ல வழிந்து பலூனுக்குப் போகும், ரப்பர் ஊறிப் பிசுபிசுத்துவிடும்.

இங்கே இந்த வகை தடுமாறுவதற்குக் காரணம் அலுமினியம். குளிர்பான டின் அலுமினியத் தகடு மெலிதானாலும் வெப்பத்தைச் சர்ரென்று மேலே கடத்தும். ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் குளிர்விக்க மேலே வைத்த தண்ணீரும் சூடாகி, எஞ்சின் சோர்ந்து நிற்கும். எஞ்சின் பழுதாகிவிட்டதென்று பிரித்துப் போடுகிறவர்கள் உண்டு. பழுதில்லை, வித்தியாசம் தீர்ந்துவிட்டது. சூட்டுப் பக்கத்துக்கு எவர்சில்வர் சம்படம் எடுத்தால் நிலைமை மாறும். எவர்சில்வர் கடத்தும் வெப்பம் அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அடி சூடாக இருக்கும்போதே மேல்விளிம்பு ஓரளவு குளிர்ந்திருக்கும். நேர்ச்சுவர் உள்ள சம்படமாகப் பார்த்து எடுங்கள். டம்ளர் சரிந்த சுவர் கொண்டது, டிஸ்பிளேசர் மேலே ஏறும்போது இடைவெளி விரிந்துவிடும்.

பலூன் ரப்பர் ஒரு நாள் கூத்து. கண்காட்சி இரண்டு நாள் நடக்கிறதென்றால் வெட்டிய கையுறை ரப்பர் நான்கைந்து துண்டு கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் இழுத்துக் கட்டியபடியே ஓரிரவு விட்டால் மறுநாள் தொளதொளவென்று கிடக்கும்.

சோதனைக்குழாய் காமா

சுழலும் எஞ்சின் வேண்டும், நாலு பேர் எதிரில் நம்பி ஓட்ட வேண்டும் என்றால் இதற்குத்தான் எங்கள் ஓட்டு. டிஸ்பிளேசருக்குத் தனிக் குழாய், பவர் பிஸ்டனுக்குத் தனிச் சிரிஞ்சு என்று இரண்டும் பிரிந்திருப்பதால் தப்பு எங்கே என்று தனித்தனியே சோதிக்க முடியும்.

குழாய் 25×150 மி.மீ., உள்விட்டம் ஏறக்குறைய 22.5. டிஸ்பிளேசர் 20 மி.மீ. விட்டம், 75 மி.மீ. நீளம். குளிர்பான டின் தகட்டை 20 மி.மீ. குழாயின் மேல் சுற்றி, ஓரத்தை ஒன்றுக்குள் ஒன்று மடித்து அழுத்தி உருளையாக்குங்கள். இரண்டு முனையிலும் வட்டத் தகடு வைத்து விளிம்பை மடக்குங்கள். குளிர்முனையில் மட்டும் எம்-சீல் வைத்து ரோடோடு சேர்க்கலாம். சூட்டுமுனையில் எந்தப் பசையும் நிற்காது, மடிப்பை நம்பித்தான் ஆக வேண்டும். குளிர்முனையில் ஒரு ஊசித்துளை விடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று சூடேறி மடிப்பைப் பிளக்காமல் இருக்கும்.

டிஸ்பிளேசர் ஓட்டம் 20 மி.மீ., அதாவது கிராங்க் ஆரம் 10. நகரும் காற்று 6.3 மி.லி. வித்தியாசம் 250 டிகிரி என்று கணக்கிட்டால் பவர் பிஸ்டனுக்கு 1.4 மி.லி. வேண்டும். 5 மி.லி. சிரிஞ்சின் உள்விட்டம் சுமார் 12 மி.மீ. அதில் 12 மி.மீ. ஓட்டம் விட்டால் அளவு பொருந்திவிடும். கிராங்க் ஆரம் 6. சிரிஞ்சையும் குழாயையும் இணைக்கும் வழி குட்டையாகவும், 3 மி.மீ. உள்விட்டத்துக்குக் குறையாமலும் இருக்கட்டும். நீளமான டியூப் போட்டால் அதற்குள் இருக்கும் காற்று வேலை செய்யாமல் சும்மா அமுங்கி விரியும், அழுத்தம் அதிலேயே கரைந்துவிடும்.

குளிர்முனைக்கு இங்கே நம் ஊர் மண்பானை வித்தை கைகொடுக்கும். கார்க்கை ஒட்டிய 40 மி.மீ. பகுதியில் பழைய வேட்டித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் வாலைப் பானைத் தண்ணீர் உள்ள டம்ளரில் தொங்கவிடுங்கள். துணி தானே உறிஞ்சிக்கொள்ளும். கோடை மத்தியானக் காற்று உலர்ந்திருப்பதால் ஆவியாதல் வேகமாக நடந்து, ஈரத்துணி சுற்றியுள்ள காற்றைவிடப் பத்து டிகிரி வரை குறைவாக நிற்கும். ஐப்பசி அடைமழையில் இது பலிக்காது. அப்போது காற்றே குளிர்ந்திருக்கும், துணி தேவையும் இல்லை. துணியிலிருந்து சூட்டுமுனைக்கு நீர் சொட்டாமல் குழாயை லேசாக, சூட்டுமுனை உயர இருக்கும்படி சாய்த்து வையுங்கள். சாதாரணக் கண்ணாடிக் குழாயில் இந்த வேலையே வேண்டாம். ஒரு சொட்டு போதும், தெறித்துவிடும். போரோசிலிகேட் ஆனாலும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எதிரில் உட்கார வேண்டும்.

நெருப்பு வைக்குமுன் மூன்று சோதனை. சிரிஞ்சையும் டிஸ்பிளேசரையும் கழற்றிவிட்டுப் பிளைவீலைச் சுண்டினால் அரை நிமிடமாவது சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் பேரிங்கில் கிரீஸ் இருக்கிறது. பெட்ரோலில் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. கழுவும் இடத்தில் விளக்கு இருக்கக்கூடாது. அடுத்து எல்லாவற்றையும் மாட்டி, காற்றிணைப்பை மட்டும் கழற்றிச் சுண்டுங்கள். ஆறேழு சுற்று ஓட வேண்டும். கடைசியாக இணைப்பையும் மாட்டிப் பிளைவீலைக் கையால் திருப்பினால் ஒரு மெல்லிய எதிர்ப்பு தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் எங்கோ கசிகிறது. சோப்பு நுரையைக் கார்க்கைச் சுற்றித் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான்.

சிரிஞ்சுக்கு எண்ணெய் போடக்கூடாது. இரண்டு வழவழப்பான கண்ணாடிக்கு நடுவே எண்ணெய்ப் படலம் ஒட்டிப் பிடிக்கும். 6பி பென்சில் துகளைத் தடவித் துடைத்துவிட்டால் போதும்.

எதிர்த்திசையில் சுற்றினால் ஓடுகிறது, நினைத்த திசையில் ஓடவில்லை என்றால் 90 டிகிரி மறுபக்கம் விழுந்திருக்கிறது. பித்தளைக் குழலின் திருகைத் தளர்த்தி மாற்றுங்கள்.

தட்டை எஞ்சின்: டீயா, ஐஸா

சூடான டீ டம்ளரின் மேல் வைத்தால் ஓடும் வகை. நெருப்பே வேண்டாம் என்பதால் பள்ளிக் கண்காட்சியில் ஆசிரியர்களுக்கு நிம்மதி. ஆனால் ஐந்திலும் சொரணை அதிகம் உள்ளது இதுதான். சிறு உராய்வையும் பொறுக்காது.

நாலு இன்ச் பிவிசி பைப்பில் 19 மி.மீ. உயர வளையம் ஒன்று. மேலும் கீழும் ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. இங்கே அலுமினியம்தான் வேண்டும், ஏனென்றால் வெப்பம் தகட்டின் குறுக்கே சீக்கிரம் போக வேண்டும். உள்ளே 98 மி.மீ. விட்டம், 10 மி.மீ. கனமுள்ள தெர்மோகோல் வட்டம், ஓட்டம் 7 மி.மீ., மேலும் கீழும் ஒவ்வொரு மில்லிமீட்டர் இடைவெளி. நகரும் காற்று 53 மி.லி. பிளைவீலுக்கு ஒரே ஒரு சிடி போதும்.

கொதித்த டீயை வைத்தாலும் கீழ்த்தகடு 80, 85 டிகிரிக்கு மேல் போவது அபூர்வம். மேல்தகடு இங்கே 38-இல் தொடங்கும், சிறிது நேரத்தில் 45. மிச்சம் நாற்பது சொச்சம் டிகிரி. அதுவும் டீ ஆற ஆறக் குறையும். அதைவிட எஞ்சினைத் தலைகீழாக யோசித்து ஐஸ் மேல் வைப்பது மதுரைக்கு ஏற்றது. கீழே ஐஸ் நிறைந்த டம்ளர், மேலே சும்மா இருக்கும் கோடைக்காற்று. வித்தியாசம் 30 டிகிரிதான், ஆனால் ஐஸ் கரைந்து முடியும்வரை அது மாறவே மாறாது. எதிர்த்திசையில் சுற்றும், அவ்வளவே. கண்காட்சி விளக்குத்தூண் பக்கம் என்றால் ஜிகர்தண்டா கடையில் ஐஸுக்கும் பஞ்சமில்லை.

ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டும். 30 டிகிரிக்குக் கோலின் கணக்குப்படி 37 மடங்கு. பவர் பிஸ்டன் 1.4 மி.லி.க்குமேல் நகரக்கூடாது. டீக்கு 50 டிகிரி என்றால் 2.4 மி.லி. ஆகவே 5 மி.லி. சிரிஞ்சின் கிராங்க் தகட்டில் 6, 8, 10 மி.மீ. ஆரத்தில் மூன்று துளை போட்டுவிடுங்கள். ஐஸுக்கு 6, நல்ல வெந்நீருக்கு 10. டீயில் ஓடிய எஞ்சின் ஐஸில் ஓடவில்லை என்றால் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

கெடுவது மூன்று இடத்தில். தெர்மோகோல் வளைந்து தகட்டில் உரசும். 90 டிகிரியை நெருங்கினாலே இளகும் என்பதால் அடுப்பின் மேல் வைத்துச் சோதிக்கவே கூடாது. ஐஸில் ஓட்டும்போது உள்ளே இருக்கும் ஈரம் தகட்டில் துளியாகி டிஸ்பிளேசரைப் பிடிக்கும். மூடுமுன் தகடுகளை வெயிலில் காயவைத்து உடனே ஒட்டுங்கள். மூன்றாவது, இரண்டு தகட்டையும் இரும்பு போல்ட் போட்டு இறுக்குவது. அந்த போல்ட்டுகள் வழியாகவே சூடு மேலே ஏறிவிடும். நைலான் திருகு போடுங்கள், அல்லது பசை மட்டும் போதும்.

ஆல்ஃபா

டிஸ்பிளேசரே இல்லை. ஒரு சூடான சிலிண்டர், ஒரு குளிர்ந்த சிலிண்டர், இரண்டிலும் கசியாத பிஸ்டன். படத்தில் பார்த்தால் எளிமையாகத் தெரியும். சூட்டுப் பக்கப் பிஸ்டனும் கசியாமல் இருக்க வேண்டும், எண்ணெயும் போட முடியாது, சூட்டில் விரிந்து சிக்கவும் கூடாது என்பதுதான் வில்லங்கம். காயலான் கடையில் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் கிடக்கிறதே, அதில் தயாராகச் சிலிண்டரும் பிஸ்டனும் இருக்கிறதே என்று தோன்றும். அதன் உராய்வு எண்ணெயில் ஓடுவதற்காகக் கணக்கிட்டது, ஸ்பிரிட் விளக்கால் அசைக்க முடியாது. போதாததற்கு இப்போதைய ஃப்ரிட்ஜ் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ வாயு தீப்பற்றக்கூடியது, அறுக்கும்போது பொறி பட்டால் விபரீதம். இரண்டு காமா ஓட்டி முடித்தவர்கள் வேண்டுமானால் இரண்டு கண்ணாடி சிரிஞ்சில் முயலலாம்.

பசையும் எரிபொருளும்

சூட்டுப் பக்கத்துக்கு இருசக்கர வாகன மெக்கானிக்குகள் வாங்கும் சிலிகான் கேஸ்கெட் பசை, அதிலும் அதிக வெப்பம் தாங்கும் சிவப்பு வகை. ஒட்டிய பின் ஒரு நாள் காயவிட வேண்டும். அரால்டைட், எம்-சீல், ஃபெவிகுவிக் எல்லாம் குளிர்ப்பக்கத்துக்கு மட்டும். சால்டரிங் ஈயம் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், சுடர் படும் இடத்தில் வைத்தால் கழன்று விழும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டைச் சுடரில் காட்டாதீர்கள், துத்தநாகப் புகை நெஞ்சை அடைக்கும்.

அகல்விளக்கும் சூடமும் கரி படியவைக்கும். கரிப்படலம் வெப்பத்தைத் தடுக்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டிவரும். ஸ்பிரிட் விளக்கு சுத்தம். ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து எரியும் விளக்கில் ஊற்றுவதுதான் நடக்கக்கூடிய பெரிய விபத்து.

விளக்கு எரியுமா?

எல்லோரும் கடைசியில் கேட்பது இது. மொபைல் சார்ஜ் ஆகாது. அதற்கு 5 வாட் வேண்டும், இவை தருவது மில்லிவாட் கணக்கு. சிவப்பு எல்.இ.டி. எரியலாம், அதுவும் காமாவில் மட்டும். அதற்குச் சுமார் 1.8 வோல்ட் தேவை. சிடி டிரைவின் குட்டி மோட்டாரை நேராகத் தண்டில் பூட்டினால் நிமிடத்துக்கு 300 சுற்றில் ஒரு வோல்ட்கூட வராது. பிளைவீலின் விளிம்பிலிருந்து மோட்டாரின் மெல்லிய தண்டுக்கு ரப்பர் பெல்ட் போட்டால் மோட்டார் பல மடங்கு வேகத்தில் சுற்றும். அப்போது மினுக்கும். பெல்ட் தளர்வாகவே இருக்க வேண்டும், இறுக்கினால் எஞ்சின் நின்றுவிடும். பிரிண்டரிலிருந்து கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார் குறைந்த வேகத்திலேயே நல்ல வோல்ட் தரும் என்று படித்துவிட்டு அதைப் பூட்டுகிறார்கள். கையால் திருப்பிப் பாருங்கள், படிப்படியாகத் தடங்கித் தடங்கிச் சுற்றும். அந்தத் தடங்கலைத் தாண்டும் பலம் இந்த எஞ்சின் எதற்கும் கிடையாது.